பார்த்தவள் ஒருத்தி

கர்மோரா வழக்கில் சாட்சி சொல்ல ஜெனோவாவை மணப்பாட்டிலிருந்து பினாங்குக்கு அழைத்து வந்தது உமையாள்தான். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அவள் வந்திருக்க மாட்டாள். அதற்கு முன்பு போன விசாரணை அதிகாரிகளை ஜெனோவாவின் அம்மா வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். உமையாள் தமிழில் பேசினாள், கொடுத்த காபியைக் குடித்தாள், அன்று ஒன்றும் கேட்காமல் கிளம்பிவிட்டாள். மறுபடி போனபோது ஜெனோவாவே கதவைத் திறந்தாள்.

உமையாள் காரைக்குடிக்காரி. பினாங்கில் அமைந்திருந்த பன்னாட்டுப் போர்க்குற்ற மன்றத்தில், குற்றம்சாட்டும் தரப்பின் வழக்கறிஞர்களில் ஒருத்தி. கர்மோரா என்ற தீவு நாட்டில் ராணுவத்துக்கும் தெற்குக் கரைக் கலகக்காரர்களுக்கும் நடந்த போர் முடிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் போரில் இஸ்பெல் என்ற ஊரின் மீன் ஏலக்கூடத்தில் தஞ்சம் புகுந்திருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஆளில்லா விமானங்கள் ஒரு காலைப்பொழுதில் கொன்றுபோட்டன. கொன்றது யார் என்பதில் சந்தேகமே இல்லை. கர்மோரா ராணுவம்தான். ஆனால் ராணுவத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. கூண்டில் ஏற ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனைத் தேடித்தான் உமையாள் நான்கு வருஷமாக அலைந்துகொண்டிருந்தாள்.

தளபதி வெர்னோக் மேல்தான் வழக்கு. தாக்குதலுக்கு ஒப்புதல் கொடுத்தது அவர். ஆனால் தனக்கு வந்த அறிக்கையில் அந்தக் கூடம் ‘பயன்பாட்டில் இல்லாத கட்டடம்’ என்றுதான் இருந்தது என்றார். அது உண்மைதான்.

“ஒரு தளபதியைத் தண்டிக்கணும்னா ரெண்டுல ஒண்ணைக் காட்டியாகணும்” என்று உமையாள் ஜெனோவாவுக்கு விளக்கினாள். “அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா, தெரிஞ்சுக்க வழி இருந்தும் அவர் கண்டுக்காம விட்டிருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல அந்தச் சல்லடை உக்காந்திருக்கு.”

சல்லடை என்பது உமையாள் வைத்த பெயரல்ல, கர்மோராச் சிப்பாய்கள் தங்கள் மொழியில் வைத்தது. போர்க்களத்திலிருந்து கொட்டும் படங்களையும் தகவல்களையும் எந்த அதிகாரியாலும் முழுசாகப் படித்து முடிக்க முடியாது. அதனால் படித்துச் சுருக்கிச் சொல்ல ஒரு மென்பொருளை வாங்கியிருந்தார்கள். சட்டச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள் என்பது அதற்கு இட்டிருந்த கட்டளைகளில் ஒன்று. அது உலகத்துத் தீர்ப்புகளையெல்லாம் படித்தது. தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் என்று கண்டுகொண்டது. அதன் பிறகு, யாருக்கு எது தெரிந்தால் அவர் குற்றவாளி ஆவாரோ, அது அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டது. இப்படிச் செய் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. செய்து விற்ற நிறுவனத்தின் பொறியாளர்களை உமையாள் வரிசையாக விசாரித்தாள். ஆளுக்கொரு துண்டுதான் தெரிந்திருந்தது. முழுசாக யாருக்கும் தெரியவில்லை.

ஜெனோவா அப்போது கர்மோராக் கரைக்கு அப்பால் நின்ற ஒரு கப்பலில் ஒப்பந்தப் பொறியாளராக இருந்தவள். விமானங்களின் கேமராக்களைச் சரிபார்ப்பது வேலை. அதற்குச் சல்லடைக்குள் போகாத மூலப் படம் தேவை. அந்தப் போர் முழுவதிலும் மூலப் படத்தைப் பார்க்க முடிந்த மனிதர்கள் அவளும் அவள் கூட வேலை பார்த்தவர்களும்தான். அன்று பணியில் இருந்தது அவள் மட்டும்.

“மேற்கூரை பாதி பேந்து கிடந்துச்சு” என்றாள் ஜெனோவா. “உள்ள ஆளுங்க. வெளிய தண்ணிக்குக் குடத்தோட வரிசை. சின்னப் புள்ளைங்க. உடனே எழுதி அனுப்புனேன். பதில் வரல. திரும்ப அனுப்புனேன். அப்புறம் போன்லயே கூப்பிட்டுச் சொன்னேன்.”

“யார் எடுத்தா?”

“பணி அதிகாரின்னு ஒருத்தர். நல்லாப் பேசுனாரு. பதிவாயிட்டு, நன்றின்னு சொன்னாரு. அது ஆளே இல்லன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்.”

அந்தக் குரல் சல்லடையுடையது. அவளுடைய எச்சரிக்கைகளைக் ‘கேமரா தொடர்பான சிறு ஐயம், தீர்க்கப்பட்டது’ என்று சுருக்கி அது ஓரமாக வைத்துவிட்டது. மூலப் படங்களைத் தேவையற்றவை என்று அழித்தும்விட்டது. அதற்குப் பிறகு ஜெனோவா கேமராக்கள் சரியாக இருக்கின்றன என்று ஒப்புதல் பதிந்தாள். அது இல்லாமல் விமானங்கள் எழும்பியிருக்காது.

ஏன் பதிந்தாய் என்று உமையாள் கேட்கவில்லை. ஜெனோவாவே சொன்னாள். “சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, இனி அவங்க பாத்துக்கிடுவாங்கன்னு ஒரு நிம்மதி வந்துட்டு மேடம். அந்த நிம்மதிலதான் பதிஞ்சேன்.”

சாட்சிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று உமையாள் சொன்னாள். தலைமை வழக்கறிஞர் ஆன்னிகா ஹோல்ம் அதற்கு எழுத்துபூர்வமாகவே உறுதி கொடுத்திருந்தார். ஜெனோவாவின் அம்மா அதையெல்லாம் வாங்கிப் பார்க்கவில்லை. உமையாளின் முகத்தைப் பார்த்து, “ஒண்ணும் ஆவாதுல்லா?” என்றாள். ஆகாது என்றாள் உமையாள்.

*

வெர்னோக்கை வெறுக்க முடிந்திருந்தால் உமையாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்போல இருந்தார். ஒவ்வொரு காலையிலும் சல்லடையிடம், இலக்குகளில் பொதுமக்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். தங்கள் கவனத்துக்குரிய தகவல் எதுவும் இல்லை என்று அது ஒவ்வொரு காலையிலும் பதில் சொல்லியிருந்தது. இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று நீதிபதிகளைப் பார்த்துக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் உமையாளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஜெனோவா கூண்டில் ஏறியதும் மன்றம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எழுதியனுப்பியது, போனில் பேசியது, ஓர் இயந்திரம் அதிகாரியாகப் பேசி ஏமாற்றியது, எல்லாவற்றையும் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னாள். எச்சரிக்கை இருந்தது, அது தளபதிக்கு எட்டாமல் தடுக்கப்பட்டது, அப்படித் தடுக்கும் ஒன்றை நம்பிப் போர் நடத்தியதே அவருடைய குற்றம் என்று உமையாள் வாதத்தைக் கட்டி முடித்தாள். பார்வையாளர் இடத்தில் இஸ்பெல்லிலிருந்து வந்தவர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நான்கு வருஷத்தில் முதல் தடவையாக வழக்கு கைக்குள் வந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

வெர்னோக்குக்காக வாதாடியவர் குணசீலன். ஈப்போக்காரர். லண்டனில் உமையாளோடு ஒன்றாகச் சட்டம் படித்தவர். அவர் எழுந்து, ஜெனோவாவிடம் மரியாதையாக, அதிகம் கேட்கவில்லை.

அந்தக் கூடத்தில் மக்கள் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்றாள் ஜெனோவா.

உங்களைத் தவிர வேறு எந்த மனிதருக்காவது அது தெரியுமா?

அவள் யோசித்தாள். யாருக்கும் தெரியாது என்றாள்.

தெரிந்த பிறகுதான் ஒப்புதல் பதிந்தீர்களா?

ஆமாம்.

குணசீலன் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டார். அவர் என்ன செய்துவிட்டார் என்று ஜெனோவாவுக்குப் புரியவில்லை. உமையாளுக்குப் புரிந்தது. கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

இடைவேளையில் அவரைத் தேடிக்கொண்டு போனாள். மன்றத்துக்குப் பின்னாலிருந்த கடையில் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணை மாட்டிவிட்டுட்டீங்களே, குணா.”

“நான் மாட்டிவிடலை உமா. என் ஆளைக் காப்பாத்தினேன், அதுதான் என் வேலை, லா.” கிளாஸைக் கீழே வைத்தார். “உங்க சட்டம் தெரிஞ்சவன் எங்கேன்னு தேடுது. எல்லாரையும் ஒண்ணும் தெரியாதவங்களா ஆக்கி வச்சிருக்கு அந்த மிஷின். அது கைக்கு எட்டாம நின்னது ஒரே ஓர் ஆள். அந்த ஆளை நீங்களே கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. நீங்க கூப்பிட்டப்ப இதை நினைக்கலைன்னா, அதுக்கு நான் என்ன செய்ய?”

நினைத்திருக்க வேண்டும்தான். உமையாள் திரும்பி வரும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். தளபதியைப் பிடிக்கும் வெறியில், நடுவில் நின்ற அந்தப் பெண்ணை ஓர் ஏணியாக மட்டுமே பார்த்திருந்தாள்.

*

வெர்னோக் விடுதலையானார். தீர்ப்பு நீளமாக, வருத்தம் தோய்ந்ததாக இருந்தது. இஸ்பெல்லில் நடந்தது போர்க்குற்றமே என்றது. ஆனால் அதை அறிந்திருந்த ஒரே மனிதர் இந்த வழக்கில் சாட்சியாக வந்தவர் என்பதையும் குறிப்பிட்டது.

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மன்றத்தை நடத்தும் நாடுகள் இத்தனை வருஷத்துக்கு ஒரு தண்டனைகூட இல்லையா என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஆன்னிகா ஹோல்ம் ஜெனோவாமீது வழக்குத் தொடுக்க முடிவெடுத்தார். உமையாள் அவருடைய அறைக்குப் போய், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதி என்ன ஆயிற்று என்று கேட்டாள். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு விலக்குக் கொடுக்க இந்த அலுவலகத்துக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். அவருக்கும் இதில் சந்தோஷமில்லை. அந்த அறையில், அந்தக் கட்டடத்தில், யாருக்குமே சந்தோஷமில்லை. எல்லோரும் விதிப்படி செய்துகொண்டிருந்தார்கள். உமையாள் தன் அடையாள அட்டையை அவருடைய மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வாரம் ஜெனோவாவுக்காக வாதாடும் வக்கீலாகப் பெயர் கொடுத்தாள்.

மணப்பாட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லும் வேலையும் அவளுக்குத்தான் வந்தது. ஜெனோவாவின் அம்மா திட்டவில்லை. கேட்டுவிட்டு, போனை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணைக் காவலில் ஜெனோவா தெளிவாகத்தான் இருந்தாள். உமையாளுக்குத்தான் ஒவ்வொரு முறையும் பேச்சை ஆரம்பிக்கத் திணறலாக இருந்தது.

“வழி ஒண்ணு இருக்கு” என்றாள் ஒரு நாள். “அந்தப் படம் இப்ப எங்கயும் இல்லை. நீ அனுப்பின எச்சரிக்கையும் மூல வடிவத்துல இல்லை. நீ பாத்ததுக்கு உன் வாய்தான் ஆதாரம். முன்னாடி தெரியும்னு சொன்னதை மறுக்க வேண்டாம், விளக்கினாப் போதும். ஆட்களைப் பாத்தேன்னு சொன்னேல்ல? ஆட்கள் மாதிரி பாத்தேன்னு சொல்லு. மேலேருந்து எடுத்த படம், வெளிச்சம் சரியில்லை, உறுதியாச் சொல்ல முடியலை. அந்த ஒரு ‘மாதிரி’ போதும். நீ தெரிஞ்சு செஞ்சேன்னு நிரூபிக்க அவங்ககிட்ட வேற ஒண்ணும் கிடையாது.”

“நான் உறுதியாத்தானக்கா பாத்தேன்.”

எப்போது மேடம் அக்காவானது என்று உமையாளுக்கு நினைவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள். “வெர்னோக்குக்குத் தெரியாது. அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. இத்தனை பேரு தெரியாது தெரியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நீ மட்டும் எதுக்கு உள்ள இருக்கணும்? ஒரே ஒரு வார்த்தை ஜெனோவா.”

தான் சொல்வது என்ன என்று உமையாளுக்குத் தெரியாமல் இல்லை. இருபது வருஷத் தொழிலில் எந்தச் சாட்சியிடமும் அவள் இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் பேசினாள். ஜெனோவா கடைசியில் சரி என்றாள். இருவரும் உட்கார்ந்து கேள்வியும் பதிலுமாகச் சொல்லிப் பார்த்தார்கள். முதலில் திக்கினாள். பிறகு வந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தைய வாரம் சலீமா என்ற பெண் ஜெனோவாவைப் பார்க்க அனுமதி கேட்டாள். இஸ்பெல்காரி. அன்று காலை மாவு வாங்கப் போனதால் பிழைத்தவள். கணவனும் இரண்டு பெண்களும் கூடத்தில் இருந்தார்கள். உமையாளுக்கு இந்தச் சந்திப்பில் இஷ்டமில்லை. அவள் அடிக்க வருகிறாளோ என்றுகூட நினைத்தாள். ஜெனோவாதான் வரட்டும் என்றாள். உமையாளும் உடன் இருந்தாள்.

சலீமா ஒல்லியாக, ஆனால் அகன்ற எலும்புக்கட்டோடு இருந்தாள். மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் செருகிக்கொண்டு, தணிந்த குரலில், தன் பெண்களைப் பார்த்தாயா என்று கேட்டாள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. சிறியவளுக்கு ஏழு. கிழக்குப் பக்கத்துத் தூண் ஓரத்தில் பாய் விரித்திருந்தோம் என்றாள்.

ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள். “கிழக்குத் தூணுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு இன்னொரு சின்னப் பொண்ணுக்குத் தலை பின்னிட்டு இருந்தா. அந்தச் சின்னது தலையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. இவ ஒரு தட்டுத் தட்டுனா. உங்க புள்ளைங்களான்னு எனக்குத் தெரியாது. நான் பாத்தது அதுதான்.”

கருவி அதைச் சலீமாவின் மொழியில் சொல்லி முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. சலீமா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது, சின்னவள் பின்னும்போது ஒரு நாளும் சும்மா உட்கார மாட்டாள் என்றாள். பிறகு, அழுதார்களா, பயந்திருந்தார்களா என்று கேட்டாள். இல்லை, பயந்த மாதிரித் தெரியவில்லை என்றாள் ஜெனோவா. சலீமா இன்னொரு தடவை அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். ஜெனோவா சொன்னாள்.

*

விசாரணை நாளில் மன்றம் நிரம்பியிருந்தது. உமையாள்தான் முதலில் கேட்டாள். கேமராவின் உயரம், வெளிச்சம், பெயர்ந்த கூரையின் நிழல் என்று படிப்படியாக ஜெனோவாவை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் பழகியபடியே போனது. கடைசியில், அந்தப் படத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

ஜெனோவா பார்வையாளர் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு, மொழிபெயர்க்க வசதியாக நிறுத்தி நிறுத்தி, தமிழிலேயே பேசினாள்.

“ஆளுங்களைப் பாத்தேன். மாதிரி இல்ல, ஆளுங்களைத்தான். தெளிவாத் தெரிஞ்சுச்சு. தண்ணிக்கு நின்ன வரிசைல ஒரு வயசானவரு குடத்தைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்தாரு. ஒரு அம்மா புள்ளைக்குத் தலைக்கு ஊத்திட்டு இருந்துச்சு. அவங்க அங்க இருந்தாங்க. இதைப் பாத்தது நான் ஒருத்திதான். நானும் இல்லன்னு சொல்லிட்டா, அவங்க அங்க இல்லவே இல்லன்னு ஆயிடும்.”

நீதிபதி, அப்படியானால் தெரிந்தே பதிந்தீர்களா என்று கேட்டார். தெரிந்தேதான் என்றாள். உமையாள் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொல்ல வாயெடுத்தாள். எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது வருஷம் கொடுத்தார்கள். கர்மோரா வழக்கின் கோப்பு அத்தோடு மூடப்பட்டது. மன்றம் தன் முதல் தண்டனையைக் கொடுத்துவிட்டது என்று செய்திகள் சொல்லின.

உமையாளின் கோபம் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திராது. ஜெனோவா மேலும்தான். சில வாரங்கள் அவளைப் பார்க்கப் போகாமலேகூட இருந்தாள். மேல்முறையீட்டு மனுவை மட்டும் விடாமல் எழுதித் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குணசீலன் போன் பண்ணினார். சல்லடையின் அடுத்த பதிப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது, பல நாடுகள் வாங்கியிருக்கின்றன என்றார். “தீர்ப்பைப் படிச்சுக் குறையைச் சரிபண்ணிட்டாங்க உமா. இனிமே கேமராவை மிஷினே பாத்துக்குது. மூலப் படத்தை மனுஷன் யாரும் பாக்க முடியாது.” அதைச் சொல்லும்போது அவர் குரலும் நன்றாக இல்லை. உமையாள் போனை வைத்துவிட்டாள்.

மனுவில் ஜெனோவாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. பார்வையாளர் நாளில் சிறைக்குப் போனாள். இந்த முறையாவது சொன்னபடி கேள் என்று சொல்லத் தயார்செய்துகொண்டுதான் போனாள். பார்வையாளர் கூடத்துக்கு வெளியே, படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். கிழவர்கள், பெண்கள், கையில் புகைப்படம் வைத்திருந்த ஓர் இளைஞன். எல்லோர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி. கதவோரத்தில் சலீமா நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். இஸ்பெல்லிலிருந்து வந்திருக்கிறார்கள், தங்கள் வீட்டு ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க வந்திருக்கிறார்கள் என்றாள்.

கண்ணாடிக்கு அப்பால் ஜெனோவா, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் இரண்டு கைகளாலும் எதையோ அளந்து காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கிழவி முன்னால் சாய்ந்து, ஒரு சொல்லும் தவறிவிடாதபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வக்கீல் என்றால் முன்னால் போகலாம் என்று காவலர் சொன்னார். வேண்டாம் என்றாள் உமையாள். மனுவைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.